கால் தரையில் பட்ட பிறகு

ஆகஸ்ட் 3

அன்புள்ள ரேடியோவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். தபாலில் கடிதம் வந்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. ஆகிவிட்டதுதான், ஆனால் இப்போது பரவாயில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் நம்பரை உன் அண்ணன் தன் போனில் போன வருஷமே தடுத்து வைத்துவிட்டார். பிரார்த்தனைக் கூடத்து வேலை என்று என் போனும் பாதி நேரம் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் என் ஜெராக்ஸ் கடையில், கோணலாக விழுந்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் யாருடைய வீட்டு வரைபடமோ இருக்கும், கண்டுகொள்ளாதே.

போன வாரம் உன் அண்ணன் கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். வந்தவருக்குப் பார்வை அவ்வளவு மோசம், அவர் பாட்டுக்கு வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார். டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த வருஷம் நோன்பு கூடவே கூடாது, பகல் முழுக்க வெறும் வயிறோடு இருந்தால் அடுத்த முறை விழுந்தவர் எழுந்திருப்பார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதை ஊருக்கே எடுத்துச் சொல்கிறவர் உன் அண்ணன்தான். ஆனால் கூடத்தில் விடியல் பிரார்த்தனையை ஆரம்பித்து வைக்கும் முதல் குரல் அவருடையது அல்லவா? "முதல் குரலே நோன்பை விட்டா, பின்னால நிக்கறவங்க எதை நம்பி நிப்பாங்க?" என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். போன வருஷம் நீ இங்கே வந்தபோது எடுத்த படம், உங்கள் சுகாதாரத் துறைப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறியோடு வந்ததே, "இந்தத் தவறைச் செய்யாதீர்கள்" என்று. நோன்பு முடிக்கும் நேரத்தில் ஒரே குவளையில் எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் கை யாருடையது என்று ஊரில் தெரியாதவர் உண்டா? மோதிரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். ஊர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார், தங்கை சிரித்ததாக நினைத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அது கிடக்கட்டும். ஓயாமல் பேசி ரேடியோ என்று பேர் வாங்கினவளுக்கு, ஊர் ஊராக எல்லோருக்கும் புத்தி சொல்வதே உத்தியோகமும் ஆகிவிட்டது. இந்த ஒரு மனுஷனுக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஏதாவது சொல்லு. நோன்பு ஆரம்பிக்க இரண்டரை வாரம்தான் இருக்கிறது.

அண்ணி

---

ஆகஸ்ட் 7

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வேறெங்கும் தனியாக உட்கார இடம் இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்ல என்னால் ஆகாது. என் குரலைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு முறை சொல்கிறேன், குறியைப் போட்டது நான் இல்லை. படத்தைக் கொடுத்தது நான்தான். ஒரே குவளையில் குடித்தால் காய்ச்சல் பரவும் என்று சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வருஷம் நாங்கள் கவனமாக இருக்கிறோம். மாதக்கணக்கில் உழைத்து, நோன்பு நாட்களில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு காணொளியும் ஐந்து படங்களும் செய்திருக்கிறோம். நிறம்கூடக் கூடங்களின் சுவர் நிறம்தான். எங்கள் டாக்டரம்மா ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தார். ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது, மற்றவர்கள் விடியலுக்கு முன் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது, பகலில் விரல் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், எழுபதுக்குக் கீழே போனால் அந்த நிமிஷமே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று எல்லாக் கூடங்களுக்கும் பொதுவான பெரியோர் சபையும் எழுதிக் கொடுத்திருக்கிறது. அதையும் சேர்த்திருக்கிறோம்.

உங்கள் போனுக்கு அனுப்பிவிட்டேன். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அவர் கண்ணில் பட்டால் போதும்.

ரேடியோ

---

ஆகஸ்ட் 12

அன்புள்ள ரேடியோவுக்கு,

அது என்ன "உங்கள் வீட்டுக்காரர்"? எனக்கு வீட்டுக்காரர் ஆவதற்கு முன்பிருந்தே அவர் உனக்கு அண்ணன்.

காணொளியைப் போட்டேன். உன் அண்ணன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒரு கும்பிடு போட்டு, கூடத்துக் குழு, கடைக்காரர் குழு, பள்ளித் தோழர் குழு என்று மூன்று இடத்துக்கு அனுப்பிவிட்டார். அவர் அனுப்பியதால் எல்லோரும் கும்பிடு போட்டார்கள். யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் முழுக்கப் பார்த்துவிட்டு, தட்டில் இருந்த அந்தப் பச்சைப் பழம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். உங்கள் படத்தை ஒருவர் என் கடையில் பெரிதாக அச்செடுத்துக் கூடத்துப் பலகையில் ஒட்டினார். மறுநாள் அதன் மேல் வாழ்த்துச் செய்தி ஒட்டியிருந்தது. உன் உழைப்பைக் கேலி பண்ணவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

பண்டிகை நாட்களில் எங்கள் போனுக்கு ஒரு நாளைக்கு நூறு படம் வரும். பூ, விளக்கு, விடியல், பொன்மொழி. எல்லாம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போவதோடு சரி, மனுஷர் யாரும் நடுவில் இல்லை. நாங்கள் காது கொடுத்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அது எழுப்புக் குரல்.

நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்த பழக்கம் இது, போன வருஷமும் நீ சாயங்காலம் வந்து ராத்திரியே திரும்பிவிட்டாய். கூடத்துக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி கட்டியபோது, நோயாளிகள் தூங்கட்டும் என்று விடியலுக்கு முன் அடிக்கும் மணியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தெருவே ஒன்றையொன்று எழுப்பும். உன் அண்ணன் எழுந்து டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார், "எழுந்தாச்சா?" என்று. டீச்சர் "ஆச்சு" என்று பதில் அனுப்பிவிட்டு, தன் குரலில் அடுத்த வீட்டைக் கேட்பார். வந்ததை அப்படியே தள்ளிவிடக் கூடாது, ஒவ்வொருவரும் தன் வாயால்தான் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் போன் அடிப்பார்கள், அதற்கும் வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவார்கள். இன்னொரு விதி, கால் தரையில் பட்ட பிறகுதான் "ஆச்சு" சொல்லலாம். படுத்துக்கொண்டே சொன்னால் நோன்பு சேராது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, ஒருவர்கூட மீறியதில்லை. கடைசி வீட்டு மெக்கானிக்கை உனக்கு நினைவிருக்கும், நாம் ஸ்பேனர் என்று கூப்பிடுவோமே. காலில் கட்டுப் போட்டிருந்த வருஷம் அவர், "ஒரு கால்தான் பட்டுது, சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

ஸ்பேனர் கடைசியாக உன் அண்ணனைக் கேட்பார். அவர் "ஆச்சு" சொன்னால் வட்டம் முடிந்தது, கூடத்துக் கதவு திறக்கும். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்துகொண்டே வரும். நான் முதல் தடவை பார்த்தபோது எதற்கு மேலே வந்தேன் என்பதே மறந்துபோனது.

பேச்சுவாக்கில் எங்கேயோ போய்விட்டேன். அவர் நோன்பு வைக்கத்தான் போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி

---

ஆகஸ்ட் 16

அண்ணி,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பல வருஷமாக நாங்கள் கூட்டம் போட்டுத் தேடுகிற ஒன்றை நீங்கள் வீட்டு வரைபடத்துக்குப் பின்னால் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். யாரும் பொய்ப் பதில் சொல்லாத ஒரு கேள்வி! எங்கள் கருத்துக் கணிப்பில் பாதிப் பேர் எங்களைத் திருப்திப்படுத்தத்தான் பதில் சொல்கிறார்கள்.

அந்தக் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்க்க முடியுமா? "எழுந்தாச்சா? சர்க்கரை இருக்கறவங்க விரல் குத்திப் பாத்தாச்சா?" இவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் காட்டினேன், சரி என்றார். "இல்லை" என்று பதில் வந்தால் மட்டும் அந்த வீட்டுக்குக் காணொளியில் உள்ள மற்றதைச் சொன்னால் போதும் என்றார்.

மேலாளரிடமும் கொண்டுபோனேன். நல்ல மனிதர்தான். "எத்தனை பேர் கேட்டாங்கன்னு எப்படிக் காட்டுவீங்க?" என்றார். காட்ட முடியாது. ஒவ்வொருவரும் புதிதாகப் பேசுவதால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. அப்படியானால் துறையின் பெயரில் வேண்டாம் என்றார். ஒருவகையில் அதுவே நல்லதாகப் போயிற்று. எங்கள் முத்திரை இல்லாமல் இருந்தால் உங்கள் வீட்டுக்காரர் கேட்கக்கூடும்.

அவரை ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள், மாட்டார். டீச்சர் ஆரம்பிக்கட்டும். வட்டம் சுற்றி அவரிடமே வந்து சேரும். வைக்கவே கூடாத நோன்பு அது, விரல் குத்திவிட்டால் சரியாகிவிடாது. ஆனால் எண் கண்ணெதிரே இருக்கும்போது மறுப்பது கஷ்டம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரேடியோ

---

ஆகஸ்ட் 24

அன்புள்ள ரேடியோவுக்கு,

இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

டீச்சர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. முதல் நாள் உன் அண்ணன் எழுந்து கேட்டார், டீச்சர் "ஆச்சு" என்றார், பிறகு அடுத்த வீட்டுக்குப் புதுக் கேள்வியோடு அனுப்பினார். நான் மாடியில் நின்றேன். வழக்கத்தைவிட மெதுவாக விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ சர்க்கரை பார்க்கும் மெஷினைத் தேடுகிறார்கள், கண்ணாடியைத் தேடுகிறார்கள், ஊசி முனையைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு முன்னால் வட்டம் நின்றேவிட்டது. அவர்களிடம் மெஷின் இல்லை. எதிர் வீட்டுப் பெண் தூக்கக் கலக்கத்தோடு தன்னுடையதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள், புது முனை மாட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு விளக்குகள் மறுபடி நகர்ந்தன. ரேடியோ, இத்தனை வீட்டில் இத்தனை பேருக்கு இந்த நோய் இருப்பது எனக்கே தெரியாது. எல்லோரும் மறைத்து வைத்திருந்திருக்கிறோம்.

கடைசியில் ஸ்பேனர். அவர் வருஷக்கணக்கில் "ஆச்சா?" என்ற ஒரு சொல்லைத் தவிர அனுப்பியதில்லை. அன்றைக்கு, "ஐயா, எழுந்தாச்சா? விரல் குத்திப் பாத்தாச்சா? எனக்கு ஆச்சு," என்றார். அதற்குள் மாடியிலிருந்து இறங்கிச் சமையலறையில் நின்ற எனக்குக் கேட்டது.

உன் அண்ணன் பதில் அனுப்பவில்லை. போனை மேஜையில் வைத்தார், எடுத்தார், வைத்தார். கூடத்து வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், சாவி இவர் கையில். எழுந்துவிட்டார், காலும் தரையில் இருக்கிறது. ஆனால் கேள்வி இரண்டாகிவிட்டதே. பாதிக்கு "ஆச்சு" சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஊருக்கே கண் சோதிக்கிறவருக்குத் தன் விரல் நுனியைப் பார்க்க அவ்வளவு பயம். ஸ்பேனர் போன் அடித்தார். எடுக்கவில்லை. பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "மெஷின் எங்க இருக்கு?" என்றார்.

அன்றைக்குக் கூடம் தாமதமாகத் திறந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பலர் விரலில் பஞ்சு ஒட்டியிருந்தது.

இன்னொன்று. இரண்டாம் நாள் மத்தியானம் என் கடைக்குப் போன் வந்தது, டீச்சர். "மத்தியானம் அவருக்குக் குத்திப் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மத்தியான வட்டத்தை யார் ஆரம்பித்தது என்று விசாரித்தேன். டீச்சர் தனக்கு ஸ்பேனர் அனுப்பியதாகச் சொல்கிறார். ஸ்பேனர் தனக்கு வேறு யாரோ அனுப்பியதாகச் சொல்கிறார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நோன்பை மட்டும் அவர் விடவில்லை. மத்தியான எண் நாளுக்கு நாள் இறங்குகிறது.

அண்ணி

---

ஆகஸ்ட் 29

அண்ணி,

நேற்று மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எங்கள் காணொளிக்குப் போன வருஷத்தில் பாதிகூடப் பார்வை இல்லை. மேலிடத்தில் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைக்கச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இன்று விடியலுக்கு முன் தண்ணீர் வரும் நேரம், எழுந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பால் பாக்கெட் எடுக்கப் படி இறங்கினேன். இந்தக் கட்டடத்தில் யாரும் யாரோடும் பேசுவது கிடையாது. லிஃப்டில் ஏறினால் எல்லோரும் எண்களைத்தான் பார்ப்பார்கள். கீழ்த்தளத்தில் காவலாளியின் அறை. அவருடைய போனிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, நான் இதுவரை கேட்டே இராத குரல். "எழுந்தாச்சா? சர்க்கரை இருக்கறவங்க விரல் குத்திப் பாத்தாச்சா?"

அண்ணி, நான் குழாயை மறந்துவிட்டேன். படியில் அப்படியே நின்றுவிட்டேன். அவர் இருமினார், எழுந்தார், செருப்புத் தேடினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆச்சு, நூத்திப் பத்து," என்றார். பிறகு யாருக்கோ தன் குரலில் அதே கேள்வியைக் கேட்டார்.

கீழே போய் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். அவருடைய மைத்துனி அனுப்பினாளாம், அவளுக்கு அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் யாரோ, அவர்களுக்கு வேறு ஊரில் யாரோ. எப்போதிருந்து என்றேன். "எப்பவும் இருக்கறதுதானேம்மா," என்றார்! பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் எப்போதும் இருக்கிற ஒன்றாகிவிட்டது.

மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்தேன். இருட்டில் இத்தனை பெரிய நகரம், அங்கங்கே ஜன்னல்கள் எரிகின்றன. எது எதற்காக எரிகிறது என்று எனக்குத் தெரியாது. எந்தத் திரையிலும் இது வராது, யாருக்கும் என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. நீங்கள் தெருவைப் பார்த்து எதற்கு மேலே வந்தேன் என்பதே மறந்ததாக எழுதினீர்களே, அதே நிலைதான் எனக்கும். என் வீட்டில் தண்ணீர் வழிந்து முன்னறை வரை வந்துவிட்டது.

மத்தியான எண் என்ன? அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ரேடியோ

---

செப்டம்பர் 3

அன்புள்ள ரேடியோவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அவர் நன்றாக இருக்கிறார். இப்போது நிதானமாகப் படி.

நேற்று பண்டிகையின் பெரிய நாள். மத்தியானப் பிரார்த்தனைக்குக் கூடம் நிறைந்து தெரு வரை ஆட்கள் நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் நான். உன் அண்ணன் எழுந்து நின்றபோதே முகம் வெளுத்து, சட்டை நனைந்திருந்தது. பேசத் தொடங்கும் முன் பையிலிருந்து மெஷினை எடுத்தார். அத்தனை பேர் முன்னாலும் விரலைக் குத்தினார். எனக்கு எண் தெரியவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஸ்பேனர் குனிந்து பார்த்தார். அந்த நிசப்தத்தில் அவர் மெதுவாகக் கேட்டதுகூட எல்லோருக்கும் கேட்டது. "ஐயா, ஆச்சா?"

உன் அண்ணன் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பி, "ஐம்பத்தெட்டு," என்றார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தக் குரல் நடுங்கி நேற்றுத்தான் கேட்டேன். "முதல் குரல் இன்னைக்கு நோன்பை முடிச்சுக்குது. தண்ணி குடுங்க. தண்ணி குடிக்கறதுக்கு ஏது வெட்கம்."

நான் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கையோடு வைத்திருந்தேன். தினமும் வைத்திருந்தேன், அவருக்குத் தெரியாது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குடித்து முடித்தார். அதன் பிறகு பின்வரிசையில் ஒருவர் எழுந்து ஓரமாக வைத்திருந்த குடத்துப் பக்கம் போனார். டீச்சர் வீட்டுக்காரர். அப்புறம் ஒரு பெண். அப்புறம் நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வாலிபன். எத்தனை பேர் இப்படி மயக்கத்தை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார்களோ! ஆளுக்கொரு டம்ளர், ரேடியோ. குவளையை யாரும் தொடவில்லை. உன் அண்ணனே டம்ளர்களை வாங்கி வைத்திருந்திருக்கிறார். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

எல்லோரும் குடித்த பிறகு பிரார்த்தனையை ஆரம்பித்தார். அப்படி ஒரு பிரார்த்தனையை நான் கேட்டதில்லை.

மாலையில் டாக்டர் வீட்டுக்கே வந்தார். மிச்ச நாட்களுக்கு நோன்பு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஊசி. உன் அண்ணன் சரி என்று சொல்லிவிட்டு, எழுப்புக் குரல் மட்டும் தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ராத்திரி ஒரு காரியம் நடந்தது. ஸ்பேனர் வந்து, கடைசி வீடாக இருந்து இருந்து தனக்கு அலுத்துவிட்டது என்றார். தனக்குப் பிறகு இன்னொரு வீட்டைச் சேர்க்க வேண்டுமாம். தெருவில்தான் அதற்கு மேல் வீடே இல்லையே என்று கேட்டேன். ஸ்பேனரும் உன் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் பார்த்தால் வட்டத்துப் பட்டியலின் கடைசியில் உன் நம்பர் இருக்கிறது. அவர் போனில் உன் மேல் போட்டிருந்த தடையும் இல்லை. எடுத்தது நான் இல்லை.

கடிதம் வந்து சேர நாள் விட்டு, ஏழாம் தேதி விடியலுக்கு முன் ஸ்பேனர் உன்னைக் கேட்பார். நீ உன் அண்ணனைக் கேட்க வேண்டும். நீ கேட்காமல் கூடம் திறக்காது, பார்த்துக்கொள்.

அண்ணி

---

செப்டம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சமையலறையிலிருந்து கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

ராத்திரி தூங்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பேனர் குரல் வந்தது. "பாப்பா, எழுந்தாச்சா?" என்றார். நான் தூங்கவே இல்லையே என்ற நினைப்பில் "ஆச்சு" என்று அனுப்பிவிட்டேன். பிறகு அண்ணனுக்குப் பேச எடுத்தேன். ஊருக்கெல்லாம் செய்தி எழுதுகிறவளுக்கு இரண்டு வரி சொல்ல மூன்று முறை பதிவு செய்து அழிக்க வேண்டியிருந்தது. நான்காவது முறை அழுதுகொண்டே கேட்டேன், அப்படியே போய்விட்டது. "அண்ணா, எழுந்தாச்சா? விரல் குத்திப் பாத்தாச்சா? சாப்பிட்டாச்சா?"

பதில் வரவில்லை. போன் அடிக்கலாமா என்று யோசித்தேன். இவ்வளவு தூரத்திலிருந்து கதவைத் தட்ட முடியாது. வாசலில் நிற்கிறவர்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்தக் கூடம், அந்தத் தெரு, எனக்குத் தெரியாத ஊர்களில் எரியும் அத்தனை விளக்குகள். எல்லாம் என் அண்ணனின் ஒரு சொல்லுக்காக நிற்பதாகத் தோன்றியது.

அப்புறம் வந்தது. "ஆச்சு. நூத்தி இருபது. உன் அண்ணி முன்னாடி உக்காந்து சாப்பிட்டாச்சு." பிறகு, "ரேடியோ, உனக்குக் கால் தரையில பட்டுதா?"

குனிந்து பார்த்தேன், அண்ணி. இரண்டு காலும் கட்டில் மேல்தான் இருந்தன.

இறக்கினேன். தரை சில்லென்று இருந்தது. அதன் பிறகுதான் சொன்னேன்.

ரேடியோ